சந்தாபுராவில் பார்க்காத முகம்

என் கணவருக்கு ஒரு தடவை பார்த்த முகம் மறக்காது. எனக்கு ஒரு வருடம் பார்த்தாலும் மனதில் நிற்காது. கல்யாணமான புதிதில் இதை வைத்து எங்களுக்குள் நிறையச் சிரிப்பு நடந்திருக்கிறது. இப்போது அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓசூர் ரோட்டை ஒட்டி வளர்ந்துவிட்ட அபார்ட்மெண்டுகளில் பாதிக்கு அவர்தான் போவார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது அவர் வேலையில் பெரும்பங்கு. வெளியே வருகிறவர்கள் நன்றி சொல்வது அபூர்வம். கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற ஆள் அவர் என்பதால் அவரைத்தான் பிடித்துத் திட்டுவார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே அதை ஒரு கதை மாதிரி சொல்வார்.

"பாவம், அந்தாளுக்கு வேர்த்து ஊத்திடுச்சு. உள்ள மாட்டிக்கினு இன்னா இன்னா நெனச்சானோ. அவன் என்னையா திட்னான்? அவன் பயத்தத் திட்னான்."

அதோடு அந்த ஆளின் முகத்தையும் சொல்வார். புருவத்தில் இருந்த வெட்டு, கீழ் உதடு துடித்த விதம், காதோரம் மட்டும் நரைத்திருந்தது எல்லாம் வரும். நான்கைந்து வருடம் கழித்து சிவாஜிநகர் மார்க்கெட்டில் அதே ஆள் எதிரில் வந்தால், "சார், நல்லா இருக்கீங்களா, லிஃப்ட் எல்லாம் சரியா ஓடுதா?" என்று நிறுத்திக் கேட்பார். அந்த ஆள் விழிப்பார். நான் பக்கத்தில் நின்று அதைவிட அதிகமாக விழிப்பேன்.

"நீ இன்னா, மனுஷங்கள பாக்காமயே வாழ்ந்துடுவ போல" என்பார்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பு கவுண்டரில் வேலை செய்தேன். அங்கிருக்கும் டாக்டர்களே வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு லிஃப்ட் அருகே நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. நீலசந்திராவில் எங்கள் தெருவிலேயே தினம் எதிர்ப்படும் பெண்களை பஸ்ஸில் பார்த்து முகம் திருப்பியிருக்கிறேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். கண்ணில் கோளாறு என்று நினைத்து கண் டாக்டரிடம் காட்டினேன். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோளாறு எங்கே ஆரம்பித்தது என்று இப்போது எனக்கு ஓரளவு தெரியும். நான் வளர்ந்ததும் நீலசந்திராவில்தான், ஒற்றை அறை வீட்டில். அப்பாவுக்குக் கோபம் வந்தால் ஒதுங்கிப்போக அந்த வீட்டில் வேறு அறை கிடையாது. அழுதால் அடி கூடும். முறைத்தால் இன்னும் கூடும். "மூஞ்சி இன்னா அப்டிப் போவுது?" என்று கேட்டுக்கொண்டேதான் கையை ஓங்குவார். அதனால் முகம் எப்படியும் போகாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொள்ள வேண்டும். உதட்டை மூடிக்கொள்ள வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. மூக்கால் மட்டும் மூச்சு விட வேண்டும். அந்த நேரத்தில் நான் அப்பாவைப் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்து என் முகத்தைத்தான் காவல் காத்துக்கொண்டிருப்பேன். அவர் இறந்து பல வருடமாகிறது. கோபத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பழக்கத்துக்கு மருத்துவமனை சம்பளம் கொடுத்தது. சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: நோயாளியின் ஆட்கள் எவ்வளவு கத்தினாலும் உங்கள் முகம் மாறக் கூடாது. மற்ற பெண்கள் மாதக்கணக்கில் தடுமாறிய விஷயம் எனக்கு முதல் நாளே வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கே வருகிறவர்கள் யாரும் நிதானத்தோடு வர மாட்டார்கள். ஒருவர் ஸ்கேன் கவரை என் முகத்தில் எறிந்தார். "சார், ஒரு நிமிஷம் உக்காருங்க, டாக்டர கூப்பிடறேன்" என்றேன், சிரித்த முகமாக. அந்த மாதம் என் புகைப்படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது.

நாத்தனார் சந்தாபுராவில் வீடு கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சும் விசேஷத்துக்குப் போய், மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சர்வீஸ் ரோடு முழுக்க வண்டிகள். நகர்ந்து நகர்ந்துதான் போக முடிந்தது. பின்னாலிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்க இடமில்லை. அது எங்கள் ஸ்கூட்டரின் பின்பக்கத்தை இடித்தது. பலமாக இல்லை, ஆனால் நான் கீழே குதிக்க வேண்டியதாயிற்று. வண்டி சாய்ந்தது.

என் கணவர் காரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து வண்டியைத் தூக்கினார். "பரவால்ல, அவசரம் போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது காரிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். பின்னாலிருந்து வந்து, குனிந்திருந்தவரின் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான். அவர் தடுமாறி எழப் பார்த்தார். இரண்டு கையாலும் தள்ளினான். சாலை நடுவிலிருந்த கல்லில் அவர் தலை இடித்தது.

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கையை நீட்டினால் தொடுகிற தூரம். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கத்தினான். கண் தெரியாதா, ரோடு உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்கிற மாதிரியான பேச்சு. அவன் எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. நான் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். மூக்கால் மூச்சு விட்டேன்.

"சாரி சார். ப்ளீஸ் சார். விட்ருங்க சார்" என்றேன். கவுண்டரில் வரும் அதே குரலில்.

அவன் போய்விட்டான். அதற்கப்புறம்தான் நான் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். வலது காது கேட்காமல் போய்விட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, நிற்கும்போது தலை சுற்றுவது. உள்காதில் அடிபட்டால் உடம்பின் சமநிலை போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். ஆகவில்லை. லிஃப்ட் போகும் சுரங்கத்துக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிய மனிதர், வீட்டு மொட்டைமாடிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

காரைக் கண்டுபிடிப்பது போலீஸுக்குக் கஷ்டமாக இல்லை. பக்கத்து பெட்ரோல் பங்கின் கேமராவில் நம்பர் விழுந்திருந்தது. யார் இறங்கினார்கள் என்பது மட்டும் ஒரு லாரி மறைத்ததில் விழவில்லை. கார் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. சுற்றி நின்றவர்களில் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. என் கணவர் பார்த்ததெல்லாம் ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ. ஆக, அவன் முகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"முகா நெனப்பிதெயா அம்மா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். முகம் நினைவிருக்கிறதா என்று. நல்ல மனிதர்தான். நான் தடுமாறுவதைப் பார்த்து அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தாடி இருந்ததா? கண்ணாடி போட்டிருந்தானா? முப்பது வயதிருக்குமா, ஐம்பதா? தலையில் முடி இருந்ததா?

அவன் கத்திய வார்த்தைகள் ஒன்றிரண்டு நினைவில் இருந்தன. எச்சில் தெறித்த இடம் கன்னத்தில் இன்னும் இருந்தது. என் நாக்கு எங்கே இருந்தது, உதடு எப்படி இருந்தது, என் குரல் எந்த அளவில் வந்தது என்பதெல்லாம் துல்லியமாக நினைவிருந்தது. அவன் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

அங்கிருந்த ஏட்டு ஒருவருக்குத் தமிழ் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பயந்துக்காதீங்கம்மா. யாராவது வந்து மெரட்டினாங்களா? சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்."

"யாரும் வரல சார். எனக்கு உண்மையாவே தெரியல."

"இவ்ளோ பக்கத்துல நின்னு கத்தியிருக்கான்றீங்க."

"ஆமா சார்."

அவர் என்னை நம்பவில்லை என்று அவர் முகத்திலிருந்து தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதுவும் தெரியவில்லை. வெளியே வந்தபின், கூட வந்திருந்த என் கணவர் சொல்லித்தான் தெரிந்தது.

நாத்தனார் வீட்டில் பேச்சு வேறு மாதிரி போனது. "புருஷன அடிச்சவன் மூஞ்சி கூடவா ஒருத்தி மனசுல நிக்காது?" என்று என் காதுபடவே கேட்டார். "நானா இருந்தா அவன் சட்டையக் கிழிச்சிருப்பேன். சாவற வரைக்கும் அவன் மூஞ்சி மறக்காது." அது உண்மைதான். அவர் சின்ன விஷயத்துக்கும் ஊரைக் கூட்டுகிறவர். பால்காரரோடு ஒரு காலத்தில் சண்டை போட்டதை இப்போது சொல்லும்போதுகூட அந்த ஆளின் மூக்கு எப்படி விடைத்தது என்று காட்டுவார். நான் அவரைப் படிக்காதவர் மாதிரி நினைத்து ஒதுங்கியிருந்தேன். இப்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் நான் கல் மனசுக்காரி.

சில வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கார் ஓட்டிய ஆள் தானாகவே வந்து ஒப்புக்கொண்டுவிட்டானாம். நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரும் போனோம். பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, துவைத்துத் துவைத்துக் கழுத்துப் பட்டை வெளுத்துப்போன வெள்ளைச் சட்டை. கம்பெனியின் டிரைவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பக்கத்தில் கம்பெனி அனுப்பிய வக்கீல்.

"இவன்தானா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அந்நிய முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தேன். வெற்றிலைக் கறை படிந்த பல், இடது கண்ணுக்குக் கீழே சின்ன மரு, சவரம் செய்யும்போது தாடையில் விட்டுப்போன இரண்டு மயிர். அந்த முகத்தில் கோபமோ பயமோ வருத்தமோ எதுவுமே இல்லை. உதடு மூடியிருந்தது, இறுக்கமில்லாமல். மூச்சு மூக்கால் போய் வந்துகொண்டிருந்தது. என்னுடைய முகத்தை இன்னொருவர் மேல் பார்ப்பது போல இருந்தது. சொல்லிக்கொடுத்ததைச் செய்ய வந்திருக்கும் ஆள் என்று எனக்குப் பட்டது. பட்டது என்பதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் என்ன செய்வது?

"தெரியல சார்" என்றேன்.

"இவன் இல்லன்னாவது சொல்லுங்கம்மா" என்றார் ஏட்டு.

அதைச் சொல்ல வேண்டுமானால் அடித்தவனுடைய முகம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கணவர் டிரைவரைப் பார்த்து, "நீ ஏதாவது பேசுப்பா" என்றார். அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தலையசைத்தார். "தப்பாய்த்து சார், க்ஷமிசி" என்றான் அவன் மெல்ல. தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள்.

"இந்தக் குரல் இல்ல" என்றார் என் கணவர். "சார், இவன் இல்ல சார். அது வேற குரல்."

காதில் அடிபட்டு, தலை கல்லில் மோதி, பாதி நினைவில் கேட்ட குரலை எந்தக் கோர்ட் ஏற்கும் என்று வக்கீல் மரியாதையாகக் கேட்டார். டிரைவர் பெயரில் வழக்கு எழுதப்பட்டது. அதுவும் சாலையில் நடந்த சின்னக் கைகலப்பு என்கிற அளவில். என் கணவர் தானாகத் தடுமாறி விழுந்தார் என்று டிரைவர் சொல்லியிருந்தான். மறுத்துச் சொல்ல வேண்டியவள் அடித்தவனுக்குத் தாடி இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியாதவள்.

ஆட்டோவில் திரும்பினோம். மடிவாளா தாண்டியபின் அவர் சொன்னார். "நான் கீழ கெடக்கறப்போ எனக்கு இன்னொண்ணும் கேட்டுச்சு. நீ அவனுக்கு சாரி சொன்னது."

"அவன் திரும்ப அடிச்சிடுவான்னுதான் சொன்னேன்."

"தெரியும். ஆனா நீ அவனுக்குச் சொன்ன. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அவனுக்குச் சொன்ன."

எப்போதும் மற்றவர்களுக்காகக் காரணம் கண்டுபிடிக்கிற மனிதர். யார் எவ்வளவு திட்டினாலும் அதைத் திருப்பிப் போட்டு, பாவம் என்று பார்க்கத் தெரிந்தவர். எனக்கு மட்டும் அவரால் ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வருடம் மருத்துவமனையில் ஊழியர்களுக்கு ஒரு மத்தியான வகுப்பு நடந்தது. மனநல ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார், கோயம்புத்தூர் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவர். விளையாட்டு மாதிரி ஒன்று செய்தார். திரையில் யார் யாரோ முகங்கள் ஓடின. நடுவில் டீ. பிறகு வேறு முகங்களோடு கலந்து அதே முகங்கள். முன்னால் பார்த்தது வந்தால் கை தூக்க வேண்டும். நான் தூக்கியபோதெல்லாம் தப்பு. தூக்காதபோதும் தப்பு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவரிடம் போனேன். சந்தாபுராவில் நடந்ததையும், திட்டுகிறவரிடமும் பாவம் பார்க்கிற என் கணவரைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாராவது உங்ககிட்ட கத்தறப்ப உங்க கவனம் எங்கே இருக்குங்க?"

"என் மூஞ்சில."

"உங்க மூஞ்சியிலயா?"

"ஆமா மேடம். அது மாறாம பாத்துக்கணும்ல."

அவர் நிதானமாகச் சொன்னார். கோபத்தையும் பயத்தையும் முகத்தில் வராமல் அடக்குவது சும்மா நடக்கிற காரியம் இல்லை, அதுவும் ஒரு வேலை. அந்த வேலையில் மனசு முழுக்க இருந்தால் எதிரில் இருப்பவரைக் கவனிக்க என்ன மிச்சமிருக்கும்? என் கணவர் செய்வது வேறு. அவர் உணர்ச்சியை அடக்குவதில்லை, எதிராளியைப் பார்த்து நடந்ததை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார். அப்படிப் புரிந்துகொள்ளவே முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

"ஆனா இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார். "சிலருக்குப் பொறப்புலயே முகம் பதியறது கம்மியா இருக்கும். அதுவாவும் இருக்கலாம்."

"நீங்க சொன்னத போலீஸுக்கு எழுதித் தருவீங்களா மேடம்? நான் பொய் சொல்லலன்னு?"

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அப்படி எழுத முடியாது என்றார். நான் எதிர்பார்த்ததுதான். கதவருகே எங்கள் மேலாளர் அம்மா நின்றிருந்தார். ஆலோசகரிடம் என்னைக் காட்டி, "எங்க ஸ்டாஃப்லயே இவங்கதான் பெஸ்ட், எது நடந்தாலும் முகத்துல காட்டிக்க மாட்டாங்க" என்றார் பெருமையாக. ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம் போலப் புன்னகைத்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஆலோசகர் சொன்னதைச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எப்படியோ நம்பியிருந்தேன். கேட்காத காதுப் பக்கம் நான் உட்கார்ந்திருந்ததால் எழுந்து இடம் மாறி மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அப்ப நாம சண்ட போட்டப்பல்லாம் நீ என் மூஞ்சிய பாத்ததே இல்லியா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு நான் மாறப் பார்த்தேன். கவுண்டரில் யாராவது குரலை உயர்த்தினால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தாமல் விட்டேன். எதிரில் இருப்பவரைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க முகங்கள் வரத் தொடங்கின. ஆனால் கூடவே என் கண்ணில் நீரும் வந்தது. இத்தனை வருடம் பூட்டி வைத்ததைத் திறந்தால் அளவாகத் திறக்கத் தெரியவில்லை. ஒரு நாள் படுக்கை கிடைக்கவில்லை என்று ஒரு இளைஞர் மேஜையைத் தட்டிக் கத்தினார். "கத்தாதீங்க. என்கிட்ட கத்தாதீங்க" என்று நானும் கத்திவிட்டேன். அந்த இளைஞரின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பரந்த நெற்றி, சிவந்த மூக்கு நுனி, அழுகையை அடக்கியதில் கோணிப்போன வாய். உள்ளே அவருடைய அம்மா இருந்தார்.

அந்த இளைஞர் புகார் கொடுக்கவில்லை. வரிசையில் நின்ற வேறு யாரோ கொடுத்தார்கள். மேலாளர் அம்மா கூப்பிட்டு, எனக்கு ஓய்வு தேவை என்று தான் நினைப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் அடித்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே மனிதர்கள் வருவதில்லை. நோட்டீஸ் போர்டில் என் படம் இருந்த இடத்தில் புதுப் பெண் ஒருத்தியின் படம் வந்தது. நன்றாகச் சிரித்திருந்தாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்த நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டார்கள். டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கணவரின் தலைசுற்றலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று ஒரு வரி படித்தார்கள். நான் சாட்சிக் கூண்டில் ஏறவே தேவைப்படவில்லை.

வெளியே நடையில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நின்றேன். கம்பெனி வக்கீலோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு செல்போன்.

"ஒடம்பு இப்ப எப்டி இருக்கு?" என்று என் கணவரிடம் தமிழில் கேட்டார். "டிரைவர் பண்ண தப்புக்கு நாங்க என்ன பண்றது, சொல்லுங்க. நாங்க அவனை வேலைய விட்டு எடுத்துட்டோம்."

என் கணவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்தது. கேட்கிற காதை அந்த ஆள் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னொரு வாட்டி பேசுங்க" என்றார்.

அந்த ஆள் பேசவில்லை.

நான் பார்த்தேன். என் முகம் எப்படிப் போகிறது என்று கவலைப்படாமல் பார்த்தேன். அகன்ற தாடை, நன்றாகக் கத்தரித்த மீசை, வலது புருவம் இடதைவிடச் சற்று மேலே, கண்ணோரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகள். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். வக்கீல் கூப்பிடுவது போலத் திரும்பிக்கொண்டு நடந்தார். ஷூ கறுப்பு நிறம்.

"அவன்தான்" என்றார் என் கணவர். "அதே குரல். நீ நல்லாப் பாத்தியா? அவன்தானே?"

அந்த முகத்தை இனி எங்கே பார்த்தாலும், கிழவனாகிப் போனாலும், எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சந்தாபுராவில் பார்த்தேனா என்று கேட்டால் அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"தெரியலங்க" என்றேன்.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, என் கையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினார்.

இப்போது அவருக்கு லிஃப்ட் கம்பெனியின் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். அங்கே யாராவது அவரிடம் குரலை உயர்த்தினால் வீட்டுக்கு வந்து பாவம் என்று சொல்வதில்லை. "திமிர்" என்கிறார். யார், எப்படி இருந்தான் என்று நான் கேட்பேன். "எவனோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவப் போகிறார்.